நைனா சொன்ன ஆட்சேபணை

1

எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தில் போன மாதம் ஒரு நோட்டீஸ் கட்டியிருந்தார்கள். மழையில் நனையாமல் இருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. வேலை முடிந்து வரும் வழியில் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்று படித்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோதுமை வயல்கள் முழுவதிலும் வீடுகள் கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. கட்டி முடித்தால் ஊர் இப்போது இருப்பதைப் போல இரண்டு பங்கு ஆகிவிடும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதியோ கூட்டத்துக்கு நேரில் வந்தோ சொல்லலாம்.

ஆட்சேபணை என்ற அந்த ஒரு வார்த்தையைப் படித்ததும் மழை, குடை எல்லாம் மறந்துபோனது. என் அப்பா, கையில் டைப் அடித்த ஒரு தாளோடு, ஒரு பள்ளிக்கூட அறையில் எழுந்து நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் இங்கிலாந்துக்கு வந்து இந்த வருடத்தோடு பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது அது.

ஆரணியில் இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்முடையதைப் போலவே இதுவும் பழைய சந்தை ஊர். வியாழக்கிழமை சந்தை கூடும். நமக்குப் பட்டு மாதிரி இவர்களுக்கு ஒரு காலத்தில் கம்பளித் துணி. சந்தைத் திடலைச் சுற்றி இருக்கும் கட்டடங்கள் ஆரணிக் கோட்டைக்கு அண்ணன்மார். அப்படி ஒரு கட்டடத்தின் மாடியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். கீழே செருப்புக் கடை. மேலே இரண்டு அறை. சுவரில் ஈரம் ஏறி, குளிர்காலத்தில் துணி அலமாரிக்குப் பின்னால் காளான் வாசனை வரும். நான் இங்குள்ள சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டுக்காரர் சாம் பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே பெண், ஷீபா, பதினோரு வயது. நாங்களும் நாலைந்து வருடமாக ஒரு வீடு வாங்கத் தேடிக்கொண்டே இருக்கிறோம். இந்த ஊரில் வீடுகள் விற்பனைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் எங்கள் கைக்கு எட்டுவதில்லை.

அதனால் நோட்டீஸைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது என்று அடுத்த நாளே புரிந்தது.

2

அடுத்த நாள் சாயங்காலம் ஷீபா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு அட்டையோடு வந்தாள். பச்சை பெயிண்டில் பெரிய எழுத்து: எங்கள் வயல்களைக் காப்பாற்றுங்கள்.

"எங்கள் வயல்னா யாரோட வயல்?" என்று கேட்டேன்.

"நம்மளோடதுதான்" என்றாள், என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்து. அவள் இதை இங்கிலீஷில்தான் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

இத்தனை வருடத்தில் இந்த ஊரில் எதையுமே நான் 'நம்முடையது' என்று சொன்னதில்லை. இங்கே பிறந்த என் பெண்ணுக்கு அந்தச் சொல் மூச்சு விடுவது போல வருகிறது. அவள் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் அடிக்கடி வருத்தப்படுவதுண்டு. அன்றைக்கு மட்டும், அவள் வந்து சேர்ந்துவிட்ட இடத்தைப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

அந்த வயல்களில் பெரும்பகுதியைப் பயிரிடுகிறவர் மிஸ்டர் பெல். எழுபதைத் தாண்டியவர். நிலம் அவருக்குச் சொந்தமில்லை. அவர் அப்பா காலத்திலிருந்து குத்தகை. நிலத்துக்காரர் இப்போது விற்க முடிவு செய்துவிட்டார். மிஸ்டர் பெல்லுக்குக் காலில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. வாரம் ஒருமுறை வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போவார். கட்டுகிறவள் நான்.

நோட்டீஸ் வந்த வாரமும் வந்தார். போகும்போது, "கூட்டத்துக்கு வருவாயா, சிஸ்டர்?" என்று கேட்டார். வருவேன் என்றேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் நோட்டீஸ் வந்த விதம் வேறு. தண்டோரா போட்டார்கள். நான் அப்போது வேலூரில் நர்ஸ் படிப்பு முடிக்கிற நேரம், விடுமுறைக்கு வந்திருந்தேன். ஆரணிக்கும் சேவூருக்கும் நடுவில் ரோட்டை ஒட்டிய நிலங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு வீடில்லாதவர்களுக்கு வீடுகள் கட்டப் போகிறது. நிலத்துக்காரர்களுக்கு ஆட்சேபணை இருந்தால் விசாரணைக்கு வந்து சொல்லலாம். மேளக்காரர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. ஆரணியின் நெசவுத் தெருக்களில் பகலில் தறிச் சத்தம் நின்று நான் கேட்டதில்லை. ஜனங்கள் வாசலுக்கு வந்து, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

எத்தனை வீடு என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. இன்னொரு ஆரணியே வரப் போகிறது என்றார்கள். தெரு விளக்கு, குழாய்த் தண்ணீர், வீட்டுக்கு வீடு கக்கூஸ். மெட்ராஸில் இருப்பது போல.

எடுக்கப் போகிற நிலத்தில் எங்களுடையதும் இருந்தது. நைனாவுக்கு இரண்டு காணி, எங்கள் வீடு இருந்த சேவூர்ப் பக்கம், நல்ல நஞ்சை. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் தேவசகாயம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் வரிசை, மற்ற ஆறு நாளும் வயல். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

"பத்து தலமொறைக்கி அரிசி போடற மண்ணு" என்றார் அம்மாவிடம். "அத்த எடுத்து செங்கல்ல அடுக்கப் போறானுங்களாம். நா வுட மாட்டேன்."

மறுநாளே டவுனுக்குப் போய், டைப் அடிப்பவரிடம் உட்கார்ந்து ஆட்சேபணை மனு தயார் செய்துகொண்டு வந்தார். அதை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தார்.

4

விஜயா என்னோடு பள்ளிக்கூடம் படித்தவள். எட்டாவதோடு நின்றுவிட்டாள். சின்ன வயதில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். என்னைப் போலவே அவளும் என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவளை டவுனிலேயே ஒரு நெசவாளர் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் குமரேசன். அவனும் தம்பியும் ஒரு முதலாளியிடம் பட்டு வாங்கிக் கூலிக்கு நெய்தார்கள்.

அந்த விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். வாடகை வீடு. முன்கட்டில் இரண்டு தறி. தறி போக மீதி இடத்தில் மாமனார் மாமியார் படுக்கை. உள்ளே சின்னதாக ஒரு அறை. அடுப்பு பின்னால், ஓலைச் சரிவுக்குக் கீழே. தம்பிக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

"எங்கடி படுப்பீங்க எல்லாரும்?" என்று நான் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

விஜயா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள். "உள் ரூமு ஒரு வாரம் எங்களுக்கு. ஒரு வாரம் அவங்களுக்கு. யாரும் பேசி வெச்சிக்கல. தானா அப்பிடி ஆயிப்போச்சி. எங்க வாரம் இல்லன்னா அவரு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குப் போயிடுவாரு. நா அத்தைக்கிப் பக்கத்துல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "கண்ணாலம் ஆயி மூணு வருசம் ஆவுது கிரேஸு. நானும் அவரும் கதவ சாத்திகினு பகல்ல ஒரு தபா உக்காந்து பேசினது இல்ல. சண்ட போடறதுன்னாகூட ஏரிக்கரைக்கிப் போயிதான் போடணும்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்தேன். வெளியே வந்து தெருவில் நடக்கும்போது சிரிப்பு நின்றுபோனது.

இரண்டு நாள் கழித்து விஜயா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நைனா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"நைனா, நீங்க வேணாம்னு சொல்லப் போறீங்களாமே?"

"ஆமாம்மா. சொல்லத்தான் போறேன்."

"நெலத்துக்காரங்க எல்லாம் சேந்து சொன்னா திட்டம் நின்னு போவும்னு பேசிக்கிறாங்க."

"நிக்கணும்னுதான் சொல்றோம்."

அம்மா சாப்பிடச் சொன்னாள். விஜயா உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனாள். நைனா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

5

நான் படிப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அறுப்பு முடிந்து நிலங்கள் காய்ந்து கிடந்தபோது, அளவெடுக்க வந்தவர்கள் ஒரு வேலை செய்தார்கள். மேலதிகாரிகள் வந்து பார்ப்பதற்காக, வரப் போகிற தெருக்களைச் சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே கோடு போட்டுக் காட்டினார்கள். எங்கள் நிலம் ரோட்டுக்குப் பக்கம், மட்டமான நிலம். அதனால் மாதிரிக்கு ஒரு முழு வீட்டை, அறை அறையாக, எங்கள் நிலத்தில் வரைந்தார்கள். வாசலுக்கு மட்டும் கோட்டில் இடைவெளி விட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நைனாவும் நானும் நிலத்துக்குப் போனோம். அங்கே நான் கண்டதை இன்றுவரை என்னால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

ரோட்டிலிருந்து பனைமரங்கள் வரைக்கும், நெல் அறுத்த தாள் கட்டைகளுக்கு நடுவில், வெள்ளைக் கோடுகள் ஓடின. தெரு, குறுக்குத் தெரு, நடுவில் ஒரு சதுரம், பூங்காவுக்கு என்றார்கள். அந்தக் கோடுகளுக்குள் ஊரே நடந்துகொண்டிருந்தது. டவுனிலிருந்தும் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சைக்கிளில் வந்தவர்கள் சைக்கிளைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டே போனார்கள். யாரும் மனைக்குள் ஏற்றவில்லை. செருப்புப் போட்டிருந்தவர்கள் மாதிரி வீட்டு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். வானம் திறந்து கிடக்கிற, சுவரே இல்லாத ஒரு வீட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார்கள். ஒரு பொடியன் கோட்டைத் தாண்டிக் குதித்தான். அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

"செவுத்துல ஏர்றியாடா? வாசல் எங்க இருக்குதுன்னு தெரியல?"

யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் விஜயாவும் குமரேசனும் வந்தார்கள். எங்களை அவர்கள் பார்க்கவில்லை. வாசல் வழியாக நுழைந்து, முன்னறையைத் தாண்டி, உள்ளறைக்குப் போனார்கள். அங்கே தரையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். பேச ஆரம்பித்தார்கள்.

சுற்றிலும் அவ்வளவு கூட்டம். அந்த அறைக்குள் மட்டும் யாரும் போகவில்லை. ஒரு பெரியவர் உள்ளே கால் வைக்கப் போனவர், அவர்களைப் பார்த்ததும், "ஆள் இருக்குது" என்று சொல்லித் திரும்பிவிட்டார். பின்னால் வந்தவர்களும் அந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். விஜயா கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். குமரேசன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருமுறை அவள் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அடக்காமல், வாயை மூடாமல் சிரித்த சிரிப்பு.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் நிலத்தில், அவர் அனுமதி இல்லாமல், யார் யாரோ போட்ட கோடு. கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் வரப்பில் நின்று கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் வீட்டு அறையை எட்டிப் பார்த்துவிட்டவர் திரும்பிக்கொள்வது போல.

"வா, போலாம்" என்றார். "பேசிகினு இருக்கட்டும்."

6

விசாரணை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு கிளார்க். நிலத்துக்காரர்களுக்கு மாணவர்களின் பெஞ்சு. வெளியே ஜன்னல் ஒவ்வொன்றிலும் நெசவாளர்கள் முகம். மூன்றாவது ஜன்னலில் விஜயா நின்றிருந்தாள்.

பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். முன்னால் போன எல்லாரும் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஜன்னல்களில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. நைனாவின் பெயர் வந்தது. மனுவைக் கையில் பிடித்தபடி எழுந்தார். அதை மேஜைமேல் வைக்கவில்லை. இன்னொரு தரம் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆட்சேபணை உண்டா?" என்றார் அதிகாரி.

"இருக்குதுங்க."

"சொல்லுங்க."

"அந்த சுண்ணாம்பு வூட்ட பாத்தங்க. ஒரே ஒரு ரூமுதாங்க உள்ள வெச்சிருக்கறீங்க. அது பத்தாதுங்க. ஒரு குடும்பம்னா அதுல ரெண்டு மூணு குடும்பம் இருக்குதுங்க. இன்னொரு ரூமு வையுங்க. வெச்சீங்கன்னா எடுத்துக்கோங்க. ஒரு ரூமு கட்டறதுக்குன்னா நா குடுக்க மாட்டங்க. அதான் என் ஆட்சேபணை."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று பார்த்த பார்வை. "ஐயா, நிலத்தைப் பத்தித்தான் இங்க சொல்லணும். வீடு எப்படிக் கட்றதுன்னு எல்லாம் ஆட்சேபணை ஆகாது."

"ஆவாதுன்னா ஆவாதுன்னு எழுதிக்கோங்க. ஆனா எழுதிக்கோங்க."

கிளார்க் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, "எழுதிக்குங்க" என்றார்.

பெஞ்சில் இருந்த மற்ற நிலத்துக்காரர்கள் நைனாவை எரித்துவிடுவது போலப் பார்த்தார்கள். ஜன்னல்களில் சத்தமே இல்லை. கைதட்டவும் தோன்றாமல் நின்றார்கள். அவர் என் அப்பா, தினமும் காலையில் என் எதிரில் உட்கார்ந்து கூழ் குடிக்கிறவர் என்பதே நம்பும்படியாக இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது விஜயா கூடவே வந்தாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. சேவூர் திருப்பத்தில் நின்று, "நைனா, உங்களுக்கு பேஜாரா போச்சா?" என்றாள்.

"பேஜார் இல்லாமயா?" என்றார். "ஜல்தி வூட்டுக்குப் போ. தேடிகினு இருப்பாங்க."

7

இங்கே கூட்டம் இரண்டு வாரத்துக்கு முன்னால், சந்தைக்கூடத்தில். டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். அரசாங்க ஆட்கள் மூன்று பேர் மேடையில் உட்கார்ந்திருக்க, ஊர் ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து அவர்கள் முகத்துக்கு நேராக 'கூடாது' என்றார்கள். குரல் உயரவில்லை. ஒரு அம்மாள், எந்த வேலியில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்று சொன்னாள். ஒருவர், சாலையில் வண்டிகள் எப்படி நெரியும் என்று படம் வரைந்துகொண்டு வந்திருந்தார். அவர்கள் சொன்னதையெல்லாம் அதிகாரிகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். யாரும் யாரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சவில்லை. அதையே நான் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ்டர் பெல் முன்னால் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. ஷீபா என் பக்கத்தில், மடியில் அந்த அட்டையோடு.

கடைசியில், வீடுகள் வேண்டும் என்று சொல்கிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நான் எழுந்து நின்றேன். எழுந்த பிறகுதான் எழுந்ததே தெரிந்தது.

"எங்கள் ஊரிலும் என் அப்பாவின் நிலத்தை எடுத்துக்கொண்டு ஒரு காலனி அமைத்தார்கள்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன்.

முன்வரிசையில் ஒரு பாட்டியம்மாள் திரும்பி, கண் கலங்க, "எங்களை மன்னித்துவிடு அம்மா" என்றாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஷீபா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "மம்மி, எஸ்டேட்! காலனி இல்லை, எஸ்டேட்!"

நமக்குக் காலனி என்றால் வரிசை வீடுகள். இவர்களுக்குக் காலனி என்றால் இவர்கள் நம்மை ஆண்டது. வரிசை வீடுகளை இவர்கள் எஸ்டேட் என்பார்கள், எனக்கோ எஸ்டேட் என்றால் தேயிலை மலைதான் ஞாபகம் வரும். அதனால் அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. நான் முகம் சிவந்து, "வீடுகள், வீடுகள்" என்று திருத்தினேன். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பயம் போய்விட்டது.

நைனா சொன்னதைச் சொன்னேன். நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்று மனு எழுதிக்கொண்டு போனவர், கடைசியில் அறை போதாது என்று ஆட்சேபித்ததைச் சொன்னேன். பிறகு எங்கள் சுவரின் ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு ஒரு வீடு வேண்டும்" என்று முடித்தேன். வேறு அழகான வாக்கியம் வரவில்லை.

யாரும் கைதட்டவில்லை. யாரும் முறைக்கவும் இல்லை. ஷீபா வீடு வரைக்கும் என்னோடு பேசாமல் வந்தாள். படியேறும்போது, "தாத்தா உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள்.

8

ஆரணியில் அது எப்படி முடிந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

ஃபைல் எங்கெங்கோ போய்ச் சுற்றியது. நான் அதற்குள் இங்கே வந்துவிட்டேன். அப்புறம்தான் நிலத்தை எடுத்தார்கள். சொன்னதில் பாதிகூட எடுக்கவில்லை. எங்கள் இரண்டு காணியில் ஒன்று போனது, ஒன்று நின்றது. எண்பதுகளின் ஆரம்பத்தில் நான் லீவில் போனபோது வீடுகள் எழும்பி ஜனங்கள் குடி வந்திருந்தார்கள். நெல் அறுத்த தாள் கட்டைகளைப் பார்த்த இடத்தில் தெரு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்காமல் அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன்.

குலுக்கலில் விஜயாவுக்கும் ஒரு வீடு விழுந்திருந்தது. உள்ளே ஒரே அறைதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் பின்னால், இன்னொரு அறைக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டு விட்டிருந்தார்கள். முடிகிறவர்கள் முடிகிறபோது எழுப்பிக்கொள்ளலாம். அது யாருடைய யோசனையோ. கிளார்க் அன்றைக்கு எழுதிய வரிக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. நைனாவைக் கேட்டால், "இன்ஜினியருங்களுக்கு மூளை இல்லியா இன்னா?" என்பார். ஒருவர் ஓலை போட்டிருந்தார், ஒருவர் ஷீட். தெரு முழுக்க, வரிசையாக, அந்த இரண்டாவது அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எழுந்து நின்றன. நான் அந்தப் பின்புறச் சந்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சும்மா நடந்தேன். தேவாலயத்தில் நடப்பது போலத்தான் நடந்தேன்.

விஜயா தன் அறையைக் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"ஏய், தொறடி! நா பாக்க வேணாமா?"

"அங்கயே நில்லு" என்று உள்ளேயிருந்து சிரித்தாள். "சாத்தினா எப்பிடி இருக்குதுன்னுதான் காட்டறேன்."

9

கூட்டம் நடந்த அடுத்த வாரம் மிஸ்டர் பெல் கட்டுப் போட வந்தார். பழைய கட்டைப் பிரித்துப் புண்ணைச் சுத்தம் செய்யும் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் அப்பா," என்றார் திடீரென்று. "நிலம் கையை விட்டுப் போன மறுநாள் காலையில் என்ன செய்தார்?"

எனக்குத் தெரியவில்லை. நான் அப்போது இந்த ஊரில், இதே அறையில், வேறு யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சேவூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடைக்குப் போன் வந்திருக்கிறது. சனிக்கிழமை கூப்பிட்டேன். கடைப் பையன் ஓடிப்போய் நைனாவை அழைத்துவந்தான். ஷீபா என் தோளில் சாய்ந்து, போனில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நைனா, நெலத்த எடுத்துகினாங்களே, அதுக்கு மறுநாள் காலையில நீங்க இன்னா பண்ணீங்க?"

நைனா இரைச்சலுக்கு மேலே கத்தினார். "இத்த கேக்கறதுக்கா அவ்ளோ தூரத்துலருந்து போன் போட்ட? காசு ஆவாது?"

"சொல்லுங்க நைனா."

"இன்னா பண்ணேன்... எப்பவும் போல எந்திரிச்சேன். காலு தானா அங்கதான் போச்சி. போய் பாத்தா கொத்தனாருங்க வந்து ஒக்காந்துகினு இருந்தாங்க. தண்ணி லாரி வரல. வேலை ஆரம்பிக்க முடியல. கெணறு நம்ம பங்குல நின்னுபோச்சி இல்ல? மோட்டார் போட்டேன். பயிருக்குப் பாய்ச்சற மாதிரியே வாய்க்கா வெட்டி, அஸ்திவாரத்துக்கு மொத நாளே தோண்டி வெச்ச ஒவ்வொரு கடகாலுக்கா திருப்பி வுட்டேன். சாயந்தரம் வரைக்கும் வுட்டேன்."

"கஷ்டமா இருந்துச்சா நைனா?"

"அதுக்கு எங்க நேரம்? மடை ஒடஞ்சிகினே இருந்துச்சி."

மடை என்றால் என்ன என்று ஷீபா கேட்டாள். இங்கிலீஷில் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. தரைவிரிப்பில் கையால் வாய்க்கால் வரைந்து, தண்ணீரை மறிக்கிற மண்ணை முஷ்டியால் வைத்துக் காட்டினேன். அவளும் உட்கார்ந்து தன் கையை வைத்து மறித்தாள். போனில் நைனா, "யாரு, கொயந்தையா? குடு, குடு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இந்த வாரம் மிஸ்டர் பெல்லிடம் சொன்னேன். மோட்டார், வாய்க்கால், மடை உடைந்தது, எல்லாம். அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். நான் புதுக் கட்டைச் சுற்றி முடித்தேன்.

"நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்" என்றார். "கடைசிவரைக்கும் சொல்வேன். அதில் மாற்றமில்லை."

"தெரியும், மிஸ்டர் பெல்."

எழுந்து, காலை ஊன்றிப் பார்த்து, கதவுவரை போனார். கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பினார்.

"அப்படியும் கட்டினார்கள் என்றால், மேற்கு மூலையில் வாங்காதே. அங்கே மார்ச் வரைக்கும் தண்ணீர் நிற்கும். சுவரில் ஈரம் ஏறும். மேடாக இருக்கிற பக்கம் வாங்கு. எந்த இடம் என்று வந்து காட்டுகிறேன்."